பத்திக்குப் பத்தி இடைவெளி

அச்சகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'அடிநேர்'. எதிரெதிர்ப் பக்கங்களின் கடைசி வரிகள் ஒரே நேரில் நிற்காவிட்டால் அம்மாளுக்குச் சோறு இறங்காது. அவள் பக்கம் அமைக்கும் மென்பொருளில் மவுஸைப் பிடித்து இழுக்கிற வேலையெல்லாம் கிடையாது. பத்திக்கும் பத்திக்கும் நடுவே இவ்வளவு இடம் என்று கோப்பின் தொடக்கத்தில் ஒரு கட்டளை எழுதினால், புத்தகம் முழுக்க அது பார்த்துக்கொள்ளும். சொல்பேச்சு கேட்கிற பிள்ளை.

வீட்டில்தான் இடி விழுந்தது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குப் பக்கவாதம். கையும் பேச்சும் ஒருவழியாகத் திரும்பின, படிப்பு திரும்பவில்லை. பத்தி முடிகிற இடத்தில் கண் வழுக்கி எங்கேயோ போய் விழுந்துவிடும். பேப்பரை ஒரு வரி விடாமல் மேய்ந்த மனிதர்! "தினமும் படிக்க வைங்க. விட்டுட்டா அப்படியே போயிடும்" என்றார் டாக்டர்.

அவள் விடுவாளா? செய்திகளைத் தானே தட்டி, பத்திகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு அச்செடுத்து வந்தாள். முதல் பக்கத்தை அவர் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டார். இரண்டாம் பக்கத்தில் தொலைந்துபோனார். மறுநாளும் அதே கூத்து. தாள்களை வீசியடித்தார்.

"என் மூளை போச்சு. என்னை விட்டுடு."

அந்தத் தாள்களோடு அச்சகத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். புரூஃப் பார்க்கிற அக்கா, எல்லோருக்கும் 'பூதக்கண்ணாடி', அவற்றைப் பிடுங்கி ஸ்கேலை வைத்தாள்.

"ஏன்டி, முதல் பக்கத்துல இவ்ளோ இடம். ரெண்டாவதுல பாதிதான் இருக்கு. என்ன கட்டளை குடுத்த?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகங்களுக்குக் கொடுக்கிற அதே கட்டளைதான்: இவ்வளவு இடம் விடு, தேவைப்பட்டால் கூட்டிக்கொள், குறைத்துக்கொள். கடைசி வரி நேராக நிற்பதற்காக மென்பொருள் இடைவெளியை ஒரு பக்கத்தில் இழுத்து, இன்னொரு பக்கத்தில் அமுக்கியிருந்தது. பாழாய்ப்போன பழக்கதோஷம்!

"அடிப்பாவி! மனுஷன் படிக்கத் தவிக்கிறாரு, உனக்கு அடிவரி நேரா நிக்கணுமா?"

கூட்டலையும் குறைத்தலையும் அழித்தாள். இடைவெளி எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவானது, அடிவரிகள் ஏறியும் இறங்கியும் நின்றன. அன்று மாலை அவர் இரண்டாம் பக்கத்தைத் தாண்டினார். மூன்றாவதையும் தாண்டினார். அவள் சமையலறைக்குப் போய் ஆசைதீர அழுதாள்.

"அக்கா, நீ நல்லா இருக்கணும்" என்று மறுநாள் பூதக்கண்ணாடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை விடுடி, புரூஃப் கெடக்கு" என்றாள் அந்தப் புண்ணியவதி. அவளை நினைக்காமல் இவள் இன்றுவரை அச்சகப் படி ஏறியதில்லை.

மாதங்கள் ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் தாளை அவள் முன்னால் நீட்டினார்.

"என்னடி இது, நடுவுல பஸ்ஸையே திருப்பலாம் போல இருக்கு! படிக்கிற வேகமே போகுது. இடத்தைக் குறை."

"குறைக்கிறேங்க" என்றாள். கோப்பின் தொடக்கத்தில் கட்டளையிலிருந்த எண்ணை அழித்துவிட்டுப் பாதியாகப் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக விழுந்தது.