பவுலின் வீட்டு இலைகள்

அல்சூரில் பவுலினக்கா வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயரைச் சொல்வதில்லை, குரோட்டன்ஸ் வீடு என்பார்கள். ஒரு ஆள் கைகால் நீட்டிப் படுக்க முடியாத முற்றத்தில் முப்பது மண்ணெண்ணெய் டின்களில் குரோட்டன்ஸ் செடிகள். சிவப்பு, மஞ்சள், புள்ளி போட்டது, முறுக்கிக்கொண்டது என்று இலையில் எத்தனை தினுசு! பவுலின் பங்களாவில் ஆயா வேலை பார்த்தபோது, தோட்டக்காரர் வெட்டிப் போட்ட குச்சிகளை மடியில் கட்டி வந்து வளர்த்தவை.

கணவர் ரெமிஜியஸ் தையற்காரர். தன் வீட்டிலேயே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருக்கிறது என்று குறைப்படுவார். ஆனால் வெயில் பட்டால்தான் இலையில் நிறம் ஏறும் என்று தினமும் டின்களைத் திருப்பித் திருப்பி வைத்தவரும் அவர்தான்.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் சாவு விழுந்தால், சவப்பெட்டியைச் சுற்றிக் கட்ட பவுலினிடம் இலை கேட்டு வருவார்கள். அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது. வருஷத்துக்கு நாலைந்து சாவு, செடி தாங்கியது.

1918 செப்டம்பர் கடைசியில் விஷக்காய்ச்சல் வந்தது. ஒரே நாளில் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். பதினைந்து நாளில் இருபத்தொன்பது டின்களில் வெறும் குச்சிதான் நின்றது. மிஞ்சியது ஒன்றே ஒன்று, ரெமிஜியஸ் தன் கையால் நட்ட சிவப்பு. அப்போதுதான் அவரும் காய்ச்சலில் விழுந்தார்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு பிரிஜெட் வந்தாள். அவளுடைய நாலு வயது மகள் அன்று காலையில் இறந்துபோயிருந்தாள். சிவப்புச் செடியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புள்ளைக்கு ஒரு நாலு இலை குடுங்கக்கா."

பவுலினுக்குக் கொடுக்க மனமில்லை. இது அவர் செடி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. உள்ளே ரெமிஜியஸ் இருமினார். உடனே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்போது இலையை மிச்சம் வைத்தால், அது அவர் பெட்டிக்கு என்று எடுத்து வைத்தது ஆகிவிடாதா? பைத்தியக்காரத்தனம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். டாக்டர் வரவில்லை, கஷாயத்துக்குக் காய்ச்சல் கேட்கவில்லை, அவள் கையில் இருந்தது அந்தச் செடி ஒன்றுதான். கத்தியை எடுத்து ஒரு இலை விடாமல் வெட்டினாள். சேலையில் கறை படிவதைக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ பிரிஜெட். எங்க வீட்டுக்கு வேணாம்."

மறுநாள் மத்தியானம் ரெமிஜியஸ் இறந்துவிட்டார். ஊருக்கெல்லாம் இலை கொடுத்த வீட்டிலிருந்து பெட்டி மொட்டையாகப் போனது. கடைசி இலைகளை வாங்கிப்போன பிரிஜெட் அழக்கூட முடியாமல் வாசலில் நின்றாள். பவுலின் அவளைக் குறை சொல்லவில்லை. யாரைத்தான் சொல்வது?

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது, சிவப்புக் குச்சியில் நகத்தளவு தளிர் விட்டிருந்தது. சிவப்பின் சாயலே இல்லை, வெறும் பச்சை. பவுலின் அதைக் கிள்ளிக்கொண்டு போய் ரெமிஜியஸைப் புதைத்த மண்மேட்டில் வைத்தாள்.

"இன்னும் கலரு ஏறலைங்க," என்றாள். "டின்னைத் திருப்பி வெக்க ஆள் இல்ல."