மிஷினில் வைத்த மணிக்கட்டு

நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு சாயப்பட்டறை லேபில் எட்டு வருஷமாக நிறம் பார்க்கிறேன். துணியை நாலாக மடித்து மிஷின் வாயில் வைத்தால், உள்ளே வெளிச்சம் அடித்து நிறத்தை எண்ணாகச் சொல்லிவிடும். "கண்ணு பொய் சொல்லுமுங்க, மிஷின் சொல்லாது" என்று எங்கள் மேனேஜர் நாளுக்கு நாலு தடவை சொல்வார்.

ஒரு வருஷம் பட்டறையில் கிளவுஸ் வாங்கித் தரவில்லை. கெமிக்கல் பட்டுப் பட்டு என் வலது மணிக்கட்டு வெளுத்தது. கேட்டதற்கு மேனேஜர், "அது உங்க பரம்பரை வியாதியா இருக்கும் அம்மிணி, சாயத்து மேல பழி போடாதீங்க" என்றார். அதோடு விட்டாரா, பாவி! என் தங்கைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அவருடைய அக்கா மகன். அங்கேயும் போய், எங்கள் குடும்பத்துக்கே பரம்பரை வியாதி என்று பற்றவைத்தார். சம்பந்தம் நின்றது.

அடுத்த திங்கட்கிழமை முதல், வாராவாரம் லேப் திறந்ததும் மணிக்கட்டை மிஷினில் வைத்து, வந்த எண்ணை ஒரு தாளில் குறித்தேன். முதலில் துணியை அழுத்துகிற பழக்கத்தில் கையையும் அழுத்தித் தொலைத்தேன். ரத்தம் ஒதுங்கி, இருப்பதைவிட வெளுப்பாகக் காட்டியது. பிறகு லேசாக ஒட்டவைக்கப் பழகினேன். வெறும் கையோடு வேலை பார்த்த வாரங்களில் வெளுப்பு ஏறியது. சொந்தக் காசில் கிளவுஸ் வாங்கிப் போட்டேன், நின்றது. வேண்டுமென்றே கழற்றினேன். மறுபடி ஏறியது.

எங்கள் பட்டறையில் நிறம் மாறினால் மேனேஜர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துணித் தாள்களோடு என் தாளையும் நீட்டினேன். எண்களுக்குப் பக்கத்தில் 'கெமிக்கல் பட்ட வாரம், படாத வாரம்' என்று மட்டும் குறித்திருந்தேன்.

"இதுல என்னங்க சந்தேகம்? கெமிக்கல் பட்டா வெளுக்குது. சரக்கு மேல குத்தமே இல்லீங்க."

"அதையே எழுதிக் குடுங்க சார்."

எழுதினார், கையெழுத்தும் போட்டார். அப்புறம்தான், "எந்தப் பார்ட்டி துணிங்க இது?" என்றார். லேப் கோட்டின் கையை ஏற்றி மணிக்கட்டைக் காட்டினேன்.

"துணி இல்லீங்க சார். என்ற கை."

அவர் முகம் செத்துப்போனது. ஆஹா, அதைப் பார்க்கத்தானே அத்தனை திங்களும்!

அன்று சாயந்திரமே சாமளாபுரத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம் கையையும் தாளையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். தம்பியின் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?

"தப்பு நடந்துபோச்சுங்க. மறுபடியும் பேசலாமுங்களா?"

என் தங்கை எப்போதோ அவர்களைத் தலைமுழுகிவிட்டாள். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"எப்படிங்க பேசறது? உங்க தம்பி பொய் சொல்றாருங்க. அது உங்க ஊட்டுல பரம்பரையான்னு தெரியாம நாங்க எப்படிங்க பொண்ணு குடுக்கறது?"