ஸ்டூலில் உட்கார்ந்த ஒன்பது

அந்த டீச்சருக்கு ‘ஒலிபெருக்கி’ என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. பொருத்தமான பெயர்தான். நூலகத்தில் வேலை பார்த்தபோது, உரக்கச் சிரித்தே வேலையை இழந்தவர். அடுத்து ஒரு மருத்துவமனை வரவேற்பறை. அங்கே அவர் நோயாளியைக் கூப்பிட்டால் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது இந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியை.

தலைமையாசிரியர் நேற்றே சொல்லிவிட்டார். “உங்க கிளாஸ் சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குது. நாளைக்கும் கேட்டா, அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்மா.”

ஆகவே இன்று டீச்சர் பூனை மாதிரி பாடம் நடத்தினார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட குச்சிக்கட்டுகளையும் உதிரிக் குச்சிகளையும் மேசையில் பரப்பி, குசுகுசுவென்று விளக்கினார். பிள்ளைகள் தலையைத் தலையை ஆட்டினார்கள்.

“இருபத்தெட்டு பெரிசா, ஐம்பத்திரண்டு பெரிசா?”

“இருபத்தெட்டு,” என்றது மொத்த வகுப்பும், அதே குசுகுசுவில்.

“ஏன்டா?”

“அதுல எட்டு இருக்கே டீச்சர்.”

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நாற்காலி, அது பத்துகள் இடம். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அது ஒன்றுகள் இடம். கட்சிக்கு இரண்டு பேர் ஆளுக்கொரு எண் அட்டையை எடுத்துப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு இடத்திலும் உட்கார வேண்டும். பெரிய எண் ஜெயிக்கும். கூரை ஓடு கழன்று விழுந்துவிடும்போல் சத்தம்.

ஓட்டைப்பல் பெண் ஒருத்தியின் கட்சி நாற்பத்தொன்றாக உட்கார்ந்துவிட்டது. எதிர்க்கட்சியின் நாற்காலியில் மூன்று. ஸ்டூல் மட்டும் காலி. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

“என்ன இது, சந்தையா?”

டீச்சர் அவசரமாக அட்டைகளைப் பொறுக்கப் போனார். எதிர்க்கட்சிக்கோ கொண்டாட்டம். ஒன்பது அட்டையை அவர் கையில் திணித்து, ஸ்டூலில் உட்கார வைத்து, “ஜெயிச்சாச்சு, எங்ககிட்ட சாரே இருக்காரு” என்று குதித்தது.

“தோத்துட்டீங்க சார்,” என்றாள் ஓட்டைப்பல்.

“ஒன்பதுதான் பெரிசு,” என்று எதிர்க்கட்சி சீறியது.

“உங்ககிட்ட மூணு கட்டு, எங்ககிட்ட நாலு. சார் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஸ்டூல்ல உக்காந்தா உதிரிக் குச்சிதான்.”

நம்பாத ஒருவன் மேசையில் கட்டுகளை அடுக்கிப் பார்த்துவிட்டு, அவருக்கு ஆறுதல் சொன்னான். “இன்னும் ஒரு குச்சி இருந்தா உங்களுக்கும் நாலு கட்டு சார். ஆனா அப்பவும் தோல்விதான்.”

தலைமையாசிரியர் கையிலிருந்த ஒன்பதைப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியில் இருந்தவனிடம், “தம்பி, நீ ஸ்டூலுக்குப் போ” என்றார். ஒன்பதோடு அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்ணூற்று மூன்று. வகுப்பு அலறியது. அவர் எல்லோரையும் விட உரக்க அலறினார்.

பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். “சார், சத்தம் தாங்கல.”

“அடுத்த வருஷமும் இவங்க கிளாஸ் இப்படித்தான் இருக்கும். உங்க கதவைச் சாத்திக்கோங்கம்மா.”