கீரி வந்த நேரம்

திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஒரு கீரி குடியிருக்கிறது. அதைப் படம் பிடிக்கத்தான் தினமும் காலையில் கேமராவோடு போகிறேன். புதருக்கு எதிரே கேமராவைத் தரையோடு தரையாக வைத்துவிட்டு நிற்பேன். செத்தை சரசரத்தால் அந்தப் பக்கம் ஓடுவேன். மைனா கத்தினால் இந்தப் பக்கம். நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் செல்போனில் பாட்டை அலறவிட்டபடி சுற்றிச் சுற்றி வருவார். அவரால்தான் கீரி வெளியே வருவதில்லை என்று கணவரிடம் பொருமுவேன்.

"செத்த நேரம் ஒரு எடத்துல இரேன்," என்பார் அவர், பெஞ்சில் சாய்ந்தபடி.

"உங்கள மாதிரி உக்காந்திருந்தா, அதுவா வந்து மடியில ஏறுமாக்கும்?"

நேற்று எங்கோ மீன்கொத்தியின் குரல் கேட்டது. ஓடிக்கொண்டிருந்த கேமராவை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்தேன். மீன்கொத்தியும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டால், முதலில் என் சிவப்புச் செருப்புகள்தான் இங்குமங்கும் அலைகின்றன. அவை விலகும்போதெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒரு மூக்கு நீள்கிறது, நெருங்கினால் உள்ளே போய்விடுகிறது. செருப்புகள் ஓடி மறைந்ததும் கீரி நிதானமாக வெளியே வந்தது. பின்னாலேயே மூன்று குட்டிகள். பாட்டுக்காரர் பக்கத்திலேயே கடந்து போனார். தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன.

திடீரென்று தாய் தலையைத் தூக்கியது. நான்கும் புதருக்குள் பாய்ந்தன. எந்தப் பாவி வந்து கெடுத்தது என்று ஆத்திரத்தோடு திரையை உற்றுப் பார்த்தேன்.

சிவப்புச் செருப்பு.