முதலாளி கையில் தீப்பெட்டி

பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறவர்களுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிர்வாகமே வாங்கித் தர வேண்டும். என்னைப் போல் மாட்டிக்கொண்ட ஆசிரியர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அம்மா வேலை செய்யும் பட்டாசுக் கம்பெனியின் முதலாளிதான் எங்கள் பள்ளித் தாளாளர். வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் அவர் மேசையில் இருந்தது. "ஆண்டு விழா நல்லபடியா முடியட்டும், பாப்போம்" என்றிருந்தார்.

நான் எடுத்தது ஒரு பழைய மேடை நாடகம். பழுதான இயந்திரத்தைச் சரிசெய்யச் சொல்லி ஆலைத் தொழிலாளிகள் மனு கொடுக்கிறார்கள். முதலாளி அதைப் படிக்காமலே எரிக்கிறார். ஒருவனுக்குக் கை போகிறது. முதலாளி வீட்டில் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு என்பது அடுத்த இரண்டு காட்சிகளில் தெரியவருகிறது.

ஆள் எடுத்தது

"தொழிலாளியாக யார் நடிக்கிறீர்கள்?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். ஒரு கை எழவில்லை. முதலாளி என்றதும் வகுப்பே எழுந்து நின்றது. கடைசியில் முகத்தில் கரி பூசிக்கொள்ளும் ஆசையில், அச்சக முதலாளி மகன் கார்த்திக் தொழிலாளியானான். முதலாளி வேடம் லோடுமேன் மகன் மாரிமுத்துவுக்கு. மற்றவர்களை ஏன் தயங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு முருகேஸ்வரி சொன்னாள்: "வீட்டுலயும் அதத்தான டீச்சர் பாக்கோம், இங்கனயாச்சும் சேர்ல உக்காருதோமே!"

ஒத்திகை

கார்த்திக்கின் அம்மா தொழிலாளிக்கென்று இஸ்திரி போட்ட புதுச்சட்டை வாங்கி வந்தார். கிழிசல் சட்டை வேண்டும் என்றேன். "தொழிலாளிதான் டீச்சர், அதுக்காக நாலு பேரு பாக்குற எடத்துல கிழிசலா போடுவாக?" என்றார்.

அது பரவாயில்லை. கார்த்திக் மனுவோடு உள்ளே வரும்போதெல்லாம் மாரிமுத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, ஒன்பது முறை. திட்டவும் மனம் வரவில்லை. தாளாளர் கார் போனால் நானும் சைக்கிளை விட்டு இறங்குகிறவள்தான். அவனே தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "அவங்க அச்சாபீஸ்லதான் டீச்சர் எங்கய்யா லோடு ஏத்துதாரு, காலு தானா எந்திரிச்சிருது."

விழா நாள்

முன்வரிசையில் தாளாளர். நாலாவது வரிசையில் நல்ல சேலை கட்டி அம்மா. மாரிமுத்து எழவில்லை, கால்மேல் கால்கூடப் போட்டான். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

ஒத்திகையில் வெறுங்கையால் எரித்துக் காட்டிய மனுவுக்கு, அன்றைக்கு நிஜத் தீப்பெட்டி கொடுத்தது என் தவறு. எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனி கேட்டில் தினமும் தீப்பெட்டி இருக்கிறதா என்று ஆளைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நாடகத்தில் வருவது துணி ஆலை என்பது யாருக்கு ஞாபகம்? மாரிமுத்து பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். குச்சியை உரசவில்லை. அதற்குள் நாலாவது வரிசையில் ஒரு குரல்: "ஏ மொதலாளி! கம்பெனிக்குள்ள தீப்பெட்டியா கொண்டு வாரீக? கீழ போடுங்க மொதல்ல!"

அம்மா. தாளாளரிடம் தரையைப் பார்த்தே பேசுகிற அம்மா.

"கேட்டுல யாருலே இவரச் சோதிக்காம விட்டது?" என்று பின்னாலிருந்து இன்னொருவர். கொட்டகை முழுக்க எழுந்துவிட்டது. மாரிமுத்து தீப்பெட்டியைப் போட்டுவிட்டான். எரிக்க வழியில்லை, வசனமும் மறந்துவிட்டது. கார்த்திக்கின் சட்டைப் பையிலிருந்த பேனாவை மாரிமுத்துவே உருவி மனுவில் கையெழுத்துப் போட்டு, "நாளைக்கே மிஷின சரிபண்ணுதேன்" என்றான். ஒரே விசில். இயந்திரம் சரியானால் கை போகாது. கை போகாவிட்டால் மீதி இரண்டு காட்சி எதற்கு? திரையை இழுத்துவிட்டேன்.

தாளாளர் மேடையேறி வந்து தீப்பெட்டியைக் குனிந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவர் சொன்னார்: "நாடகம் நல்லாத்தாம்மா இருந்துச்சு, ஆனா ஒரு சத்தத்துல கையெழுத்து வாங்கிறலாம்னு எங்க ஆளுகளுக்குத் தெரிஞ்சுபோச்சே!"

பஸ்ஸில்

வீட்டுக்குப் போகும்போது அம்மா, நாளைக்கு வேலைக்குப் போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்களோ என்று மூன்று முறை கேட்டார். அது நாடகம்தானே, ஏன் கத்தினீர்கள் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "நாடகம்னு தெரியும்த்தா, தீப்பெட்டி நெசந்தான?"

மறுநாள் அம்மாவைக் கேட்டில் யாரும் நிறுத்தவில்லை. என் விண்ணப்பத்தைத்தான் தாளாளர் இன்னும் எரிக்கவுமில்லை, கையெழுத்துப் போடவுமில்லை, ஆகவே நான் முதல் காட்சியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.