பதினைந்து பிட்சும் பாரம் ஏற்றிய படகும்

எங்கள் படகுக்கு எந்தப் புரொப்பெல்லர் போடுவது என்பதில்தான் எனக்கும் என் கணவருக்கும் முதல் பெரிய சண்டை வந்தது. புதிதாக வந்த மருமகள் நகைக்கோ சேலைக்கோ சண்டை போட்டிருந்தால் மாமியார் வீட்டில் புரிந்துகொண்டிருப்பார்கள். நானோ தண்ணீருக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் சுற்றுகிற மூன்று இறகுக்காகச் சண்டை போட்டேன்.

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் அப்பாவுக்கு மோட்டார் உதிரிப்பாகக் கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் உட்காருவது கடைக் கவுன்டருக்குப் பின்னால்தான். கியர், கிளட்ச், எஞ்சின் இழுக்கிறது, இழுக்கவில்லை என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். கல்யாணமாகிப் போன வீடு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம், ஹேவாஹெட்ட மலைகளுக்குக் கீழே. கணவர் அங்கே படகு ஓட்டினார். காலையில் அக்கரைக்குப் போகிற ஆட்களை ஏற்றுவார், மற்ற நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை. எஞ்சினைக் கடற்கரை ஊரான நீர்கொழும்பிலிருந்து வாங்கி வந்திருந்தார். கூடவே வந்த புரொப்பெல்லர் பதினைந்து பிட்ச்.

பிட்ச் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் மரத்துக்குள் எவ்வளவு இறங்கும் என்று ஒரு கணக்கு உண்டல்லவா, அதேதான். புரொப்பெல்லர் ஒரு சுற்றில் படகை எத்தனை அங்குலம் முன்னால் தள்ளப் பார்க்கிறது என்பது அந்த நம்பர். நம்பர் கூடினால் வேகம் கூடும், ஆனால் பாரம் ஏறினால் எஞ்சின் திணறும். நம்பர் குறைந்தால் வேகம் கொஞ்சம் குறையும், பாரத்தை இழுக்கும். போதாததற்கு நம் மலைநாட்டில் காற்று மெல்லிசு. கடற்கரையில் ஓடிய எஞ்சினுக்கு இங்கே மூச்சு வாங்கும். நம்பரை இன்னும் இறக்கித்தான் போட வேண்டும்.

இதை அவரிடம் நல்லவிதமாகத்தான் சொன்னேன். ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் பாரம் நிறைந்த லொறியை டாப் கியரில் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். லொறியிலாவது கியரை மாற்றிக்கொள்ளலாம், படகில் ஒரே கியர்தான், அதைக் கரையிலேயே முடிவு பண்ண வேண்டும், பாரம் கூடிய நாளை மனதில் வைத்துப் பதினொன்று வாங்குங்கள் என்றேன். அவர் சிரித்தார். பதினைந்தைப் போட்டுத் தன் தம்பியோடு ஒரு ஓட்டம் ஓடிக் காட்டினார். இரண்டே பேர். படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை. கடைக்காரர் மகளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் கேலி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் வெற்றுப் படகு பறக்கும்போது யாரிடம் போய் வாதாடுவது?

காலை நேரத்து ஆட்களை அவர் இரண்டு நடையாகப் பிரித்துப் பிரித்து ஏற்றிச் சமாளித்தார். நானும் வயிற்றில் பிள்ளை வந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அம்மா, அப்பா, சித்தப்பா, சித்திமார், அத்தை என்று எங்கள் ஆட்கள் வேனில் மலைப் பாதையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். வளையல் போட்டு, சாப்பாடு முடிந்து, என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அந்த வளைவுகளில் வேனில் குலுங்க வேண்டாம், படகில் போய்விடலாம், வேன் அக்கரையில் திகனவுக்கு வந்து நிற்கட்டும் என்று கணவர் சொன்னார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான்.

நாலரைக்கு ராகு காலம். பேசிப் பேசி நேரத்தை அதற்குக் கிட்ட வரை இழுத்துவிட்டார்கள். இரண்டு நடையாகப் போகலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவே இல்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போக வந்தவர்கள் பாதி இந்தக் கரையிலும் பாதி அந்தக் கரையிலும் நிற்கக் கூடாதாம். இரண்டாவது நடை ராகு காலத்தில் விழுமாம். அத்தனை பேரும், சீர்த் தட்டுகளும், பலகாரப் பெட்டிகளும் ஒரே படகில் ஏறின. பட்டுச்சேலை கசங்கும் என்று சித்திமார் உயிர்காப்புச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதை வயிற்றுக்கு மேல் பூட்ட முடியவில்லை.

கரையை விட்டதும், பின்னால் எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்த கணவர் கைப்பிடியை முறுக்கி வேகம் கூட்டினார். படகு எழும்பவில்லை. மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்துத் தூக்கியது, பின்பக்கம் தாழ்ந்தது. எஞ்சின் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். ஏற்றத்தில் கியர் மாற்றாத லொறியின் முக்கல். நடுத் தண்ணீருக்கு வந்தபோது பின்னேரக் காற்று எழும்பியிருந்தது, பக்கத்திலிருந்து அலை உள்ளே தெறித்தது. அவர் இன்னும் முறுக்கினார்.

நான் திரும்பிக் கத்தினேன். "என்னங்க, மெதுவா கையக் குறைங்க. பின்னாடி இருக்கிறவங்க முன்னாடி வாங்க."

அவர் முகம் என் தலைக்கு மேலாக அக்கரையைப் பார்த்தபடி இருந்தது. கை அசையவில்லை. மறுபடியும் கத்தினேன். எஞ்சின் சூடேறி ஊளை மாதிரி ஒரு சத்தம் போட்டது, பிறகு ஒரேயடியாக நின்றது. படகு நின்றதும் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த எங்கள் அலையே பின்பலகைக்கு மேல் ஏறி உள்ளே கொட்டியது. கணுக்காலுக்கு, அடுத்த அலையில் முழங்காலுக்குத் தண்ணீர். பெண்கள் எழுந்து நின்றார்கள், படகு சாய்ந்தது. அப்பா எல்லாரையும் பிடித்து உட்கார வைத்தார். சீர்த் தட்டுகளாலேயே தண்ணீரை இறைத்தோம். மஞ்சளும் பூவும் லட்டும் எங்களைச் சுற்றி மிதந்தன. மீன் பிடிக்க வந்திருந்த இரண்டு சிங்களப் பையன்மார் தங்கள் வள்ளத்தால் எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று வேனில் எல்லாரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். எஞ்சின் நின்றதிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை. காலை முழுக்க வளையல் சத்தத்துக்கு உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை. கையை வயிற்றில் வைத்து அழுத்திப் பார்த்தேன், பக்கம் மாறிப் படுத்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் அம்மாவின் காதில் சொன்னேன். வேன் நேராகக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. நனைந்த பட்டுச்சேலையோடு கட்டிலில் கிடந்தேன். நர்ஸ் மிஸ் பிள்ளையின் துடிப்புக் கேட்கிற கருவியை வயிற்றில் ஓரிடத்தில் வைத்தார், எடுத்து வேறிடத்தில் வைத்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என் புருஷனை வெறுத்த அளவுக்கு உலகத்தில் யாரையும் வெறுத்ததில்லை. பிறகு கிடைத்தது, டக் டக் என்று, வேகமாக. அம்மா சுவரில் சாய்ந்து அழுதாள்.

வெளியே வராந்தாவில் அவர் எல்லாருக்கும் முன்னால் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். "எஞ்சின் சத்தத்துல எனக்கு அவ சொன்னது ஒன்னுமே கேக்கல மாமா."

நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். கேட்கவில்லை, பாவம், கேட்டிருந்தால் குறைத்திருப்பார். மகள் பிறந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டு பிலிமத்தலாவையில் கிடந்த மாதங்களில் கோபம் வரும்போதெல்லாம் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அவரும் திருந்தினார், அதை மறைக்க மாட்டேன். பதினொன்று பிட்ச் வாங்கிப் போட்டார். படகு நிறையத் தண்ணீர்க் கேன்களை அடுக்கி, காற்று வீசுகிற பின்னேரமாகப் பார்த்துப் பலமுறை ஓட்டினார். இப்போது முழுப் பாரத்தோடும் எழும்புகிறது, எஞ்சின் முக்கவில்லை, வேகம்தான் பழையபடி இல்லை என்று போனில் சொன்னார். வாங்க என்று கூப்பிட்டார். நான் ஹேவாஹெட்ட பஸ்ஸில், சுற்று வழியாகவே மகளோடு வீட்டுக்குப் போனேன்.

மகள் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள், அக்கரைக்குப் போக நானாகவே கரைக்கு இறங்கினேன். எங்கள் மூன்று பேரோடு அயல் வீட்டு ஆட்களும் வர இருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன் அவர் மகளைத் தூக்கி உள்ளே வைத்து, உயிர்காப்புச் சட்டையைப் பூட்டிவிட்டார். பிறகு எனக்குக் கை கொடுத்தார். கையை விடவில்லை.

"அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு," என்றார். "ரெண்டு தடவையும் கேட்டுச்சு. உங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அயல் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். நான் ஏறினேன், படகில் ஏறாமல் அந்தக் கரையில் குடித்தனம் நடத்த முடியாது. படகு நல்லபடியாக எழும்பி ஓடியது, எஞ்சின் சீராகப் பாடியது, பதினொன்றுதான் சரியான பிட்ச். இப்போதும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்தத் தண்ணீரைக் கடக்கிறேன். மற்றவர்கள் அக்கரையைப் பார்த்து உட்காருகிறார்கள். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி, அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன்.