சவுக்குத் தோப்பில் ஏமாந்த என் வரைபடம்

இந்த வருடம் மாசியில், மரக்காணம் உப்புப் பாத்திகளுக்கு நடுவே பைக்கில் போகும்போதுதான் அந்த யோசனை சட்டென்று வந்தது. இந்தக் கரையில் எங்காவது நல்ல தண்ணீர் ஒளிந்திருந்தால், வானத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாமே.

நான் புவி இயற்பியல் மாணவன். ஹெலிகாப்டரில் பெரிய கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு இந்தப் பகுதி முழுக்கப் பறந்து எடுத்த அளவுகள் எங்கள் துறையில் இருந்தன. சுருள் அனுப்பும் மின்காந்த அலைக்கு உப்புநீர் ஊறிய மண் பலமாகப் பதில் கொடுக்கும். நல்ல தண்ணீர் உள்ள மணல் லேசாகத்தான் கொடுக்கும். அதிலிருந்து மண்ணின் மின்கடத்துத்திறனைக் கணக்கிடலாம். மூன்று மாதம் உட்கார்ந்தேன். வரைபடம் முழுக்க உப்பைக் காட்டும் சிவப்பு. அனுமந்தைப் பக்கம் மட்டும் நல்ல தண்ணீரைக் காட்டும் ஒரு நீலத் திட்டு.

அந்த நிலம் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவுடையது. போர் போட்டு மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் வைத்து, உப்பள வேலையை விட்டுவிட வேண்டும் என்றிருந்தார். "இங்கயே போடுங்கக்கா, நல்ல தண்ணி" என்று அடித்துச் சொன்னேன். அவரும் போர் போடும் லாரிக்குச் சொல்லிவிட்டார்.

லாரி வருவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டார். அவரும் நாத்தனாரும் கையாலேயே மணலில் குழாய் இறக்கி, ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை.

"கொழம்புக்குத் தனியா உப்பு வாங்க வேணாம்" என்றார் நாத்தனார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. "ஒங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல தம்பி. உப்பளத்துல தண்ணிய நாக்குல வச்சுப் பாக்காம பாத்திக்கு விடமாட்டோம், அந்தப் பழக்கம்" என்ற அக்கா, சுற்றிலும் இருந்த அடிக்கட்டைகளைப் பார்த்தார். "ஹெலிகாப்டர் போனப்போ இங்க சவுக்கு நின்னுச்சு. பொங்கலுக்கு முன்னாடிதான் வெட்டினோம். மரம் எது, தரை எதுன்னு அந்த மிஷினுக்குத் தெரியுமா?"

தெரியாது. சுருளின் உயரத்தை அளந்த லேசர், அடர்ந்த தோப்பில் மர உச்சியிலேயே பட்டுத் திரும்பியிருக்கிறது. தரை பக்கத்தில் இருப்பதாக என் கணக்கு நம்பிவிட்டது. தரை உண்மையில் தள்ளி இருந்ததால் மெலிந்து வந்த பதிலை, நான் நல்ல தண்ணீர் என்று படித்துவிட்டேன்.

லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அக்கா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று மாதம் எனக்குத் தோன்றாத கேள்வியை அவர் ஒரு நிமிடத்தில் கேட்டதை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. ஹெலிகாப்டர் பறந்தபோது எங்கெங்கே தோப்பு நின்றது என்று வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் காட்டப்போகிறார்; தரையின் சரியான உயரத்தை வைத்து மறுபடி கணக்கிடுவேன். நீலம் மிஞ்சுமா, தெரியாது. மிஞ்சினால், அங்கே முதல் வாய்த் தண்ணீரை நான்தான் குடித்துப் பார்ப்பேன்.